தண்டியடிகளின் கயிறும் எமது ஆலயப் படிகளும்

(ஆலய பரிபாலன சபை உறுப்பினர், ஓய்வுபெற்ற அரச எழுதுவினைஞர்)



அறுபத்துமூன்று நாயன்மார்களுள் ஒருவர் தண்டியடிகள். திருவாரூரிலே பிறந்தவர், பிறவியிலேயே கண்பார்வை இல்லாதவர். ஆலயத்தின் மேற்புறத்திலுள்ள திருக்குளம் தூர்ந்து சுருங்கிப் போனதை அறிந்து, அதனைத் தோண்டிப் பெருப்பிக்க எண்ணங்கொண்டார். குளத்தினுள்ளே ஒரு தறியும் கரையிலே ஒரு தறியுமாக நாட்டி, இரண்டுக்கும் இடையே கயிறு கட்டினார். அந்தக் கயிற்றைத் தடவிக்கொண்டே குளத்தினுள் இறங்கி மண்ணை வெட்டுவார். கூடையிலே சுமந்து, கயிறு காட்டிய வழியே கரைக்கு வந்து கொட்டுவார். அவரது பணியை விரும்பாதோர் கயிற்றையும் தறிகளையும் பிடுங்கி, மண்வெட்டியையும் கூடையையும் பறித்துக்கொண்டனர். அவர் இறைவனிடம் முறையிட்டார். ஈற்றில் திருவருளாலே கண்பார்வை பெற்றார். இது பெரியபுராணம் கூறும் வரலாறு.

இவ்வரலாற்றைப் பிரசங்கங்களிலே கேட்கும்போது நாம் பெரிதும் வியப்பது அவர் பார்வை பெற்ற அற்புதத்தையே. அதற்கு முன்னர் நடந்ததையும் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். பார்வை இல்லாத காலத்திலேயே அவர் குளம் தோண்டினார். அதற்கு அவருக்குத் தேவைப்பட்டவை இரண்டு தறிகளும் ஒரு கயிறும் மாத்திரமே. எமது ஆலயத்திலே அப்படியொரு கயிறு கட்டப்பட்டிருக்கின்றதா என்பதே இக்கட்டுரையின் கேள்வியாகும்.

குறை எங்கே இருக்கின்றது?

ஒருவருக்குக் கால் இயலாமற் போகலாம். அது உடலிலுள்ள குறை. அவரால் ஆலயத்தினுள்ளே வர முடியாமற் போவதற்கு அந்தக் கால் மாத்திரம் காரணமன்று. வாசலிலுள்ள மூன்று படிகளும் காரணம். காலைத் திருத்துவது வைத்தியரின் வேலை. படியைத் திருத்துவது எங்கள் வேலை.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, இலங்கையிலே ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 சதவீதமானோர் பார்த்தல், கேட்டல், நடத்தல், நினைவில் வைத்திருத்தல், தம்மைத் தாமே பராமரித்தல், பிறருடன் தொடர்பாடல் ஆகியவற்றுள் ஏதோவொன்றிலாவது சிரமமுடையவர்கள். உலக மக்களில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் இத்தகையவர் என உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகின்றது. நாட்டின் கணக்கை வைத்துப் பார்த்தால், 300 பேர் கூடும் ஒரு திருவிழாவிலே 26 பேராவது இவ்வாறு இருக்க வேண்டும். எங்கள் வீதியிலே அத்தனை பேரை நாம் காண்கின்றோமா? காணவில்லையாயின், அவர்கள் ஊரில் இல்லை என்பது பொருளாகாது. வீட்டிலே இருக்கின்றார்கள் என்பதே பொருள்.

போரினால் அவயவங்களை இழந்தோர் எம்மிடையே பலர். நீரிழிவினால் காலை இழந்தோரும், பாரிசவாதத்தால் ஒரு பக்கம் இயங்காதோரும் இன்று கூடி வருகின்றனர். இவர்களைத் தவிர, முழங்கால் நோவுடன் படியைப் பார்த்துப் பெருமூச்சு விடும் முதியோரும் இருக்கின்றனர். அடியேனும் இப்போது அந்த வரிசையிலே சேர்ந்துவிட்டேன்.

அலுவலகத்தில் கற்ற பாடம்

அடியேன் பல வருடங்கள் அரச அலுவலகங்களில் எழுதுவினைஞராகக் கடமையாற்றியவன். ஆரம்பகாலத்தில் இருந்த ஓர் அலுவலகத்தில், உதவிக் கொடுப்பனவுகளுக்கான பிரிவு மேல்மாடியிலே இருந்தது. இருபத்தொரு படிகள். நடக்க இயலாதவருக்கான கொடுப்பனவைப் பெறுவதற்கு நடக்க இயலாதவரே இருபத்தொரு படி ஏற வேண்டும்.

ஒருநாள் ஒரு தகப்பன் தன் மகளை முதுகிலே சுமந்து கொண்டு வந்தார். மகளுக்குப் பதினைந்து வயதிருக்கும். கீழே நின்ற எங்கள் அலுவலக உதவியாளரிடம், "பிள்ளையை இதிலை இருத்திப்போட்டு நான் மட்டும் மேல போகட்டோ?" என்று கேட்டாராம். உதவியாளர் வந்து என்னிடம் கேட்டார். "ஆளை நேரிலை பார்க்க வேணும். மேல கூட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கோ" என்று நான் சொல்லி அனுப்பினேன். அவர் சுமந்துகொண்டு ஏறி வந்தார். பிள்ளையை வாங்கிலே இருத்திவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். பிள்ளை தலையை நிமிர்த்தவேயில்லை. பதிவேட்டிலே கையொப்பம் வாங்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

சில மாதங்களின் பின் எமது பிரிவுக்கு மாற்றலாகி வந்த இளைய எழுதுவினைஞர் ஒருவர், இப்படி ஒருவர் வந்ததும் பதிவேட்டைக் கக்கத்திலே வைத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனார். "விதியிலை 'நேரில்' எண்டுதானே கிடக்கு ஐயா, 'மேல்மாடியில்' எண்டு எழுதேல்லையே" என்று அவர் சொன்னார். அந்த விதியை அவரைவிட எத்தனையோ தடவை வாசித்தவன் நான். அந்த ஒரு விடயம் மாத்திரம் என் கண்ணில் படவில்லை. அந்தத் தகப்பனை மீண்டும் காணும் சந்தர்ப்பம் எனக்குக் கிடைக்கவில்லை.

எமது ஆலயத்தில் நடந்தது

கடந்த கும்பாபிஷேகத் திருப்பணியின்போது வாசல் மண்டபத் தரையை உயர்த்தி, மூன்று படிகள் வைத்து, வழுவழுப்பான மாபிள் பதித்தோம். பரிபாலன சபைக் கூட்டத்திலே அதனைப் பிரேரித்தவர்களுள் அடியேனும் ஒருவன். மழைவெள்ளம் உள்ளே வராது, பார்வைக்கும் அழகு என்பதே எமது எண்ணம்.

அதன் பின்னர் ஒரு கொடியேற்றத்தன்று, வெளிவீதி வேப்பமரத்தின் கீழ் ஒரு தம்பி ஊன்றுகோல்களுடன் நின்று கும்பிடுவதைக் கண்டேன். போரிலே ஒரு காலை இழந்தவர். முன்னர் மூலஸ்தானத்துக்கு நேரே முன்வரிசையில் நின்று தேவாரம் பாடுபவர். "ஏன் தம்பி உள்ளுக்கு வரேல்லை?" என்று கேட்டேன்.

"படி ஏறுவன் ஐயா. நனைஞ்ச மாபிளிலை தடி வழுக்குது. போன வருசம் விழுந்தனான். எல்லாரும் ஓடிவந்து தூக்கிச்சினம். பூசையையும் விட்டிட்டு என்னைத்தான் பார்த்துக்கொண்டு நிண்டவை. அதுக்குப் பிறகு வர மனமில்லை" என்றார்.

அவர் விழுந்ததை நானும் கண்டவன்தான். தூக்கியவர்களுள் ஒருவன். உதவி செய்தோம் என்ற திருப்தியுடன் அன்று வீட்டுக்குப் போனேன். அவரை விழுத்திய தரைக்குக் கூட்டத்திலே கையுயர்த்தியவன் நான் என்பது ஒரு வருடம் கழித்து, வேப்பமரத்தடியிலே நின்றபோதுதான் உறைத்தது.

அதன்பின் சபையிலே பேசி ஒரு சாய்வுப் பாதை கட்டினோம். மேசனிடம் "ஒரு சாய்வு வையுங்கோ" என்று சொன்னதுடன் சரி. அளவு எதுவும் கொடுக்கவில்லை. பாரிசவாதத்தினால் சக்கர நாற்காலியிலே இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் முதன்முதலாக வந்து பார்த்தார். மகன் தள்ளத் தள்ள நாற்காலி பின்னுக்குச் சாய்ந்தது. அவர் சிரித்துக்கொண்டே, "ஏன் தம்பி, இது ஆக்களுக்குக் கட்டினதோ, மோட்டார் சைக்கிளுக்குக் கட்டினதோ?" என்று கேட்டார். எமக்கு மறுமொழி சொல்லத் தெரியவில்லை. பயன்படுத்தப் போகிறவரிடம் கேட்காமற் கட்டியதால் வந்த பிழை அது.

வினைப்பயன் என்று விட்டுவிடலாமா?

"அது அவரவர் முற்பிறப்பு வினை, நாங்கள் என்ன செய்யலாம்?" என்று எம்மவருள் சிலர் கூறுவதுண்டு. சைவசமயம் வினையை ஏற்றுக்கொள்கின்றது. ஆயினும் வினையைச் சாட்டிக் கைகட்டி நிற்பதை எமது சமயக் குரவர்கள் ஏற்கவில்லை. திருஞானசம்பந்த சுவாமிகள் திருக்கொடிமாடச் செங்குன்றூரிலே தங்கியிருந்தபோது அடியார்கள் குளிர்சுரத்தால் வருந்தினர். வினை என்று சொல்லிக்கொண்டு உய்யும் வழியைத் தேடாதிருப்பது குறையல்லவா என்ற கருத்தை முன்வைத்து, திருநீலகண்டத் திருப்பதிகத்தைப் பாடி அவர் அந்நோயைத் தீர்த்தார்.

திருப்புன்கூரிலே திருநாளைப்போவார் நாயனார் வெளியே நின்று இறைவனைக் காண ஏங்கியபோது நந்தி மறைத்தது. இறைவன் அடியாரை நோக்கி, "நீ வேறிடத்தில் நின்று பார்" என்று கூறவில்லை. நந்தியை விலகச் செய்தார். கல்லாலான நந்தியே அடியாருக்காக விலகுமாயின், நாம் வைத்த மூன்று படிகளுக்கு மாற்றுவழி செய்வது பெரிய காரியமன்று.

சட்டம் என்ன சொல்கின்றது?

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வலுவிழந்தோரின் உரிமைகளைப் பாதுகாப்பதற்காக இயற்றப்பட்டது. பொதுமக்கள் செல்லக்கூடிய கட்டடத்துக்கோ இடத்துக்கோ செல்வதிலும் அதனைப் பயன்படுத்துவதிலும், வலுவிழப்பைக் காரணமாகக் கொண்டு எவருக்கும் தடை விதிக்கலாகாது என அது கூறுகின்றது. பொதுக் கட்டடங்களிலும் பொது இடங்களிலும் செய்யப்பட வேண்டிய அணுகு வசதிகள் பற்றிய ஒழுங்குவிதிகள் 2006 ஒக்ரோபரில் வர்த்தமானியிலே வெளியாகின. இலங்கை 2016 பெப்ரவரியில் வலுவிழந்தோரின் உரிமைகள் தொடர்பான ஐக்கிய நாடுகள் சமவாயத்தை ஏற்று உறுதிப்படுத்தியது.

இந்த ஒழுங்குவிதிகள் கடதாசியில் மாத்திரம் இருந்துவிடாமற் பாடுபட்டவர் கலாநிதி அஜித் பெரேரா. கிரிக்கெட் நடுவராக விளங்கிய இவர், 1992இல் தாம் சென்ற காரின் மீது வீதியோர மரம் வீழ்ந்ததால் சக்கர நாற்காலியிலே வாழவேண்டியவரானார். இவர் உயர் நீதிமன்றத்திலே தாக்கல் செய்த அடிப்படை உரிமை மனுவின்மீது 2011 ஏப்ரலில் பிறப்பிக்கப்பட்ட கட்டளை, புதிய பொதுக் கட்டடங்களில் இவ்வசதிகள் இருக்கவேண்டும் என வலியுறுத்தியது. தமக்கு வந்த துன்பத்தை மற்றவர்களுக்கான வழியாக மாற்றிய இவர் 2020இல் காலமானார்.

ஆலயத்திலே செய்யக்கூடியவை

முதலாவது, வாசல். சாய்வுப் பாதைக்குப் பொதுவாக ஏற்கப்படும் கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு. அதாவது, ஓர் அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம். எமது வாசலின் உயரம் 18 அங்குலம். ஆகவே பாதையின் நீளம் 18 அடியாக இருத்தல் வேண்டும். நாம் முதலில் கட்டியதோ 6 அடி! நேரே இடமில்லாவிடின் மண்டபத்தின் பக்கவாட்டால் திருப்பிக் கட்டலாம். திரும்பும் இடத்திலே 5 அடிக்கு 5 அடி சமதரை விடவேண்டும். அகலம் 4 அடி இருப்பது நல்லது. சக்கரம் வெளியே விழாதிருக்க ஓரத்திலே சிறு கட்டும், ஏறக்குறைய 3 அடி உயரத்திலே கைபிடிக் குழாயும் தேவை. இந்தக் கைபிடியைத்தான் நான் தண்டியடிகளின் கயிறு என்கின்றேன்.

இரண்டாவது, தரை. அபிஷேக நீரும் எண்ணெயும் சிந்தும் இடங்களிலே வழுவழுப்பான மாபிளைத் தவிர்த்துச் சொரசொரப்பான கல் பதிக்கலாம். வெளிவீதியிலே மணல் அவசியம். அங்கப்பிரதட்டை செய்வோருக்கும் அடி அழிப்போருக்கும் மணலே சுகம். ஆனால் சக்கர நாற்காலியின் முன்சில்லுகள் மணலிலே புதைந்துவிடும். வீதியின் ஓரமாக 4 அடி அகலத்தில் ஒரு சீமெந்துப் பாதை போட்டால் இரு சாராருக்கும் இடமுண்டு.

மூன்றாவது, ஆசாரம் பற்றிய ஐயம். வீதியிலே உருண்ட சில்லு உள்ளே வரலாமா என்று சிலர் கேட்டனர். எமது குருக்கள் ஐயாவிடம் விசாரித்தோம். "வெளியிலை நடந்த காலைக் கழுவிப்போட்டுத்தானே எல்லாரும் உள்ள வாறம்? சில்லையும் கழுவிப்போட்டு வரட்டும்" என்றார். ஆலயத்துக்கென்றே ஒரு சக்கர நாற்காலியை வாங்கி உள்ளே வைத்திருந்தால் அந்த ஐயமும் எழாது.

செயற்கைக் காலைப் பற்றியும் சிலருக்கு இவ்வாறான ஐயமுண்டு. ஜெய்ப்பூர் கால் என்பது 1960களின் பிற்பகுதியில் எலும்பு வைத்தியர் பி. கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் சேர்ந்து உருவாக்கியது. வெளிநாட்டுச் செயற்கைக் கால்கள் சப்பாத்துடன் நடப்பதற்கென அமைந்தவை. எம்மவர் வெறுங்காலுடன் வயலுக்குச் செல்வோர், நிலத்திலே குந்துவோர், ஆலயவாசலிலே செருப்பைக் கழற்றுவோர். அவர்களுக்காகவே பாதம் போன்ற வடிவிலே இறப்பரினால் அதனை அமைத்தார்கள். யாழ்ப்பாணத்திலும் ஜெய்ப்பூர் நிலையம் பலரை மீண்டும் நடக்கச் செய்துள்ளது. செருப்பைக் கழற்றிவிட்டு வரும் வாழ்க்கைக்கென்றே செய்யப்பட்ட காலை வாசலிலே கழற்றச் சொல்வது எவ்வகையில் நியாயம்?

நான்காவது, அன்னதானமும் மலசலகூடமும். நிலத்திலே பந்தி இருக்க இயலாதோருக்கு ஒரு வரிசை மேசை கதிரை போடலாம். அதனைப் புறம்பான ஒரு மூலையிலே போடாது அதே மண்டபத்தில், அதே பந்தியுடன் போடவேண்டும். மலசலகூடங்களில் ஒன்றிலாவது இருக்கை வைத்து, சுவரிலே கைபிடி பொருத்தி, கதவை 3 அடி அகலமாக்க வேண்டும். பலர், குறிப்பாகப் பெண்கள், திருவிழாவுக்கு வராததற்கு இதுவே காரணம், வெட்கத்தினாலே சொல்வதில்லை.

ஐந்தாவது, பார்வையற்றோரும் செவிப்புலனற்றோரும். சுன்னாகம் வாழ்வகத்திலும் கைதடி நவீல்ட் பாடசாலையிலும் கற்றுத் தேறியவர்கள் எம்மிடையே உள்ளனர். பார்வையற்ற ஒருவரைக் கையைப் பிடித்து இழுத்துச் செல்லலாகாது. எமது முழங்கையை அவர் பிடித்துக்கொள்ள, நாம் அரையடி முன்னே நடக்க வேண்டும். சுவாமி வீதி வலம் வரும்போது, "இண்டைக்கு மூஷிக வாகனம், செவ்வரத்தை மாலை, பச்சைப் பட்டு" என்று காதருகே ஒருவர் சொன்னால் அவரும் தரிசனம் செய்தவராவார். செவிப்புலனற்றோருக்குப் பூசை நேரங்களையும் அறிவித்தல்களையும் பலகையிலே எழுதி வைக்கலாம். பேசும்போது முகத்தைப் பார்த்துத் தெளிவாகப் பேச வேண்டும். உரத்துக் கத்துவதாற் பயனில்லை.

ஆறாவது, வளர்ச்சியிலே வேறுபட்ட பிள்ளைகள். ஒலிபெருக்கியின் இரைச்சலும் வெடியும் சில பிள்ளைகளுக்குத் தாங்கமுடியாதவை. காதைப் பொத்திக்கொண்டு கத்துவார்கள். அவ்வேளையில் தாயைத் திரும்பிப் பார்த்து முகஞ்சுளிப்பதைப் போன்ற கொடுமை வேறில்லை. சனம் குறைந்த காலைப் பூசைக்கு அவர்களை அழைக்கலாம். திருவிழாக் காலத்திலும் ஒரு நேரப் பூசையையாவது ஒலிபெருக்கி இல்லாமல் நடத்தலாம். மணியோசையும் நாதஸ்வரமும் போதுமானவை.

வீட்டிலும் ஊரிலும்

ஒருவரை அவருடைய குறையைச் சேர்த்துப் பட்டம் சொல்லி அழைப்பது எமது கிராமத்துப் பழக்கம். கேட்பவருக்கு அது பழகிப்போகும் என்று நாம் நினைக்கின்றோம். பழகுவதில்லை, பேசாமல் இருந்துவிடுகின்றார்கள். ஆசிரியர், தச்சர், கடைக்காரர், இன்னாரின் மகள் என்று அழைக்க ஆயிரம் வழிகள் உள்ளன. சக்கர நாற்காலியில் இருப்பவரிடம் கேட்க வேண்டியதை அவரிடமே கேட்க வேண்டும், தள்ளி வருபவரிடம் "இவர் சாப்பிடுவாரோ?" என்று கேட்பது முறையன்று. உதவி செய்ய விரும்பினால், "உதவி வேணுமோ, எப்பிடிப் பிடிக்கிறது?" என்று முதலில் கேட்க வேண்டும். கேளாமல் தூக்குவது உதவியாகாது என்பதை வேப்பமரத்தடித் தம்பியிடம் கற்றுக்கொண்டேன்.

இன்னுமொன்று. கடந்த திருவிழாவிலே எமது சாய்வுப் பாதையின் அடியிலே ஐந்து மோட்டார் சைக்கிள்கள் நிறுத்தப்பட்டிருந்தன. பக்கத்திலே ஒரு கச்சான் கடை. எவரும் தீய நோக்கத்துடன் செய்யவில்லை. ஆனாலும் தண்டியடிகளின் கயிற்றைப் பிடுங்கியவர்களும் நாமும் அன்று செய்த காரியம் ஒன்றே.

வேண்டுகோள்

அடுத்த கும்பாபிஷேகத்துக்கான திருப்பணி வேலைகள் விரைவில் ஆரம்பமாகவுள்ளன. கும்பாபிஷேகம் பன்னிரண்டு வருடங்களுக்கு ஒருமுறை நடைபெறுவது. இப்போது தரையிலும் வாசலிலும் எதனைப் பதிக்கின்றோமோ, அதிலேதான் பன்னிரண்டு வருடம் நடக்கப் போகின்றோம். அப்போது எங்களுள் எத்தனை பேர் ஊன்றுகோலுடன் இருப்போமோ, பிள்ளையாருக்கே வெளிச்சம்.

ஆகவே திருப்பணித் திட்டத்திலே மேலே கூறியவற்றைச் சேர்க்குமாறு சபையிடம் எழுத்திலே கேட்டுள்ளேன். கோபுரத்துக்கும் மணிக்கூட்டுக்கும் உபயம் செய்ய அடியார்கள் முன்வருவது போல, கைபிடிக் குழாய்க்கும் மலசலகூடத்துக்கும் உபயகாரர் முன்வர வேண்டும். கல்லிலே பெயர் பொறிக்க முடியாத உபயங்கள் இவை. வருடந்தோறும் பங்குனிச் சதயத்திலே வரும் தண்டியடிகள் குருபூசையன்று, ஊரிலுள்ள மாற்றுத்திறனாளிகளை அழைத்து, ஆலயத்தைச் சுற்றிக் காட்டி, "எங்கே தடக்குகின்றது?" என்று அவர்களிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்.

அந்த ஆசிரியையிடமும் அந்தத் தம்பியிடமும் புதிய சாய்வுப் பாதையின் படத்தைக் காட்டினேன். ஆசிரியை அடிமட்டத்தை வாங்கி அளந்து பார்த்துவிட்டுத் தலையசைத்தார். தம்பி, கைபிடி இரண்டு பக்கமும் வேண்டும் என்றார். ஏறும்போது வலக்கை, இறங்கும்போதும் வலக்கைதான் தமக்குப் பலம் என்றார். எனக்குத் தோன்றாத விடயம் அது. படத்திலே மற்றப் பக்கத்துக்கும் ஒரு கோடு கீறிக்கொண்டேன்.

அவர் மீண்டும் முன்வரிசையில் நின்று தேவாரம் பாடக் கேட்க வேண்டும் என்பதே அடியேனின் விண்ணப்பம். அதற்குப் பிள்ளையார் அருள்புரிவாராக. நாமும் எமது பங்கைச் செய்வோமாக.

சுபம்.